காத்து போச்சா? பெரியவர்களின் குடலடைப்பை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

மலேசியாவின் பீடோரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பல வருடம் டிரஸ்ஸராக, அதாவது தோட்டத்துக் கிளினிக்கின் மருத்துவ உதவியாளனாக இருந்தேன். அப்புறம் பெரிய மருத்துவமனை ஒன்றின் அறுவைக் கூடத்தில் உதவியாளன் வேலை. வயிற்று வலி என்று தோட்டத்துக் கிளினிக்குக்கு வந்தவர்களிடம் நான் எதையெல்லாம் கேட்காமல் விட்டேன் என்பது, வயிறு திறந்து கிடக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் புரிந்தது. இந்தக் குறிப்பு, கிளினிக்கில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும், வயதானவர்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும்.

பெரியவர்களுக்குச் சிறுகுடல் அடைத்தால் பெரும்பாலும் காரணம் மூன்றுதான்: பழைய ஆப்பரேஷனுக்குப் பின் உள்ளே வளர்ந்து குடலை ஒட்டவைக்கும் ஒட்டுநார், குடலிறக்கம் (ஹெர்னியா), கட்டி. இவற்றில் எளிதாகச் சேராத, அரிய காரணம் உள்ள ஆள்தான் நம்மை ஏமாற்றுவார்; இந்தக் குறிப்பு பெரும்பாலும் அவரைப் பற்றித்தான். அப்படிப்பட்டவரிடம் துப்பு பெரும்பாலும் வயிற்றில் இருக்காது. தொடையில் இருக்கும், வாயில் பல் இல்லாததில் இருக்கும், மருந்துப் பையில் இருக்கும். வயிற்றை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

"மலம் போச்சா?" என்று எல்லோரும் கேட்பார்கள். அது போதாது. அடைப்புக்குக் கீழே தங்கியிருந்தது ஒன்றிரண்டு தடவை வெளியே வரத்தான் செய்யும். "காத்து போச்சா? கடைசியா எப்போ?" என்று கேளுங்கள். பாட்டிமார் கூச்சப்பட்டுச் சிரிப்பார்கள், மருமகள் எதிரில் பதில் வராது. மருமகளை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேளுங்கள்.

அடுத்தது வாந்தியின் நிறம். முதலில் சாப்பாடு, பிறகு பச்சை, கடைசியில் மலவாடை அடிக்கும் பழுப்பு. இந்த வரிசையில் போனால் குடல் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கைலியை அவிழ்த்துப் பார்ப்பது. வயிற்றில் தழும்பு உண்டா, இரண்டு இடுப்பு மடிப்பிலும் புடைப்பு உண்டா. கைலி கட்டியபடியே பார்த்து அனுப்பியவர்களில் நானும் ஒருவன், அதனால்தான் சொல்கிறேன்.

செய்யக் கூடாதவை: விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, உப்பு மருந்து, வயிறு நீவி விடுவது, "கொஞ்சம் கஞ்சியாவது குடி" என்று ஊட்டுவது. எதிரே சுவர் இருக்கும்போது பின்னால் இருந்து தள்ளினால் என்ன ஆகும்? குடல் கிழியும். தைலம் தடவினால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை.

எப்போது நிறுத்திவிட்டு 999 (ஆம்புலன்ஸ்) கூப்பிட வேண்டும்: காற்று நின்று, வாந்தி தொடர்ந்து, வயிறும் ஊதியிருந்தால் காரணம் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். விட்டுவிட்டு முறுக்கிய வலி இடைவெளி இல்லாமல் தொடர்வது, காய்ச்சல், நாடி 100-க்கு மேல் ஓடுவது, வயிறு பலகை போல விறைப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் குடலுக்கு ரத்தம் போகாமல் நிற்கிறது என்று அர்த்தமாகலாம். அப்போது கணக்கு மணியில்தான். பக்கத்து மாவட்ட மருத்துவமனையில் அறுவை நிபுணர் இல்லாமலிருந்தால் தெலுக் இந்தானுக்கோ ஈப்போவுக்கோ அனுப்புவார்கள், அந்தப் பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். "காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் கூட்டிக் கணக்கெடுப்பது) முடிஞ்சு போகலாம்" என்பது வேண்டாம்.

## அறிகுறி: வயிறு ஊதல், ஆனால் பேதியும் போகிறது

மிக எளிய காரணம், மலக்குடலில் கல்லாக இறுகிய மலம். அதைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் மட்டும் கசியும். பார்ப்பவர் பேதி என்று நினைத்துப் பேதி நிறுத்தும் மருந்து கொடுப்பார், நிலைமை இன்னும் மோசமாகும். கையுறை மாட்டி ஒரு விரல் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இறுகியிருந்தால் கிளினிக்கிலேயே கையால் எடுத்து, எனிமா கொடுத்துச் சரிசெய்யலாம்.

மலக்குடல் காலியாக இருந்தால் உஷாராகுங்கள். குடல் பாதி அடைத்திருக்கலாம். இடுப்புப் பக்கத்து ஓட்டையில் குடல் சுவரின் ஒரு ஓரம் மட்டும் சிக்கியிருக்கலாம். அப்போது வழி திறந்தே இருக்கும், காற்றும் போகும், ஆனால் சிக்கிய ஓரம் உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். இங்கே காற்றுக் கேள்வி நம்மைக் கைவிடும். வலிதான் துப்பு. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: வாந்தியோடு இடுப்பு மடிப்பில் அல்லது தொடையில் வலி

இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

மடிப்பில் புடைப்பு தெரிகிறதா? ஆம் என்றால் சாதாரணக் குடலிறக்கம். செம்பனைக் குலை தூக்கியவர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறோம். இத்தனை நாள் படுத்தால் உள்ளே போன புடைப்பு இன்று போகவில்லை, தொட்டால் வலிக்கிறது, தோல் சிவந்திருக்கிறது என்றால் அமுக்கி உள்ளே தள்ள முயல வேண்டாம். கெட்டுப்போன குடலை உள்ளே தள்ளிவிட்டால் நோய் மறையாது, கண்ணுக்குத்தான் மறையும்.

மடிப்புக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் சின்னக் கட்டி? பெண்களிடம் அதிகம். நெறிகட்டி என்று விட்டுவிடுவார்கள். தொடைக்குடலிறக்கமாக இருக்கலாம். வாசல் குறுகலானதால் இது சீக்கிரம் இறுகிவிடும். அன்றே அனுப்பவும்.

ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் தொடையின் உள்பக்கம் முழங்கால் வரை வலி? அப்படித்தான் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி என்னிடம் வந்தார். வயது 78, எட்டுப் பிள்ளை பெற்றவர், 35 கிலோ இருந்தாலே அதிகம். "வயிறு இல்லப்பா, தொடைதான் உயிர் போவுது" என்றார். மூட்டுத் தேய்மானம் என்று பனடோலும் தைலமும் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் வாந்தி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரையை மாற்றினேன். காலை மடக்கிப் படுத்தால் நிம்மதியாக இருந்தார், நீட்டி உள்பக்கம் திருப்பினால் அலறினார். மூட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்த எனக்கு, அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. நான்காம் நாள் பச்சை வாந்தி.

இடுப்பெலும்பின் அடியில் ஒரு நரம்பும் ரத்தக் குழாயும் போகும் ஓட்டை இருக்கிறது. கொழுப்பு கரைந்து, மெலிந்து, பல பிரசவம் கண்ட வயதான பெண்களுக்கு அந்த ஓட்டை வழியாகக் குடல் நுழைந்துவிடும். நரம்பு நசுங்குவதால் வலி தொடையில் தெரியும். தசைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் வெளியே புடைக்காது. சி.டி. ஸ்கேன் எடுத்தால் பளிச்சென்று காட்டும், எக்ஸ்ரே காட்டாது. அறுவையில் அடிவயிற்றைத் திறந்து, சிக்கிய குடலை மெல்ல விடுவித்து, உயிரோடு இருந்தால் உள்ளே விட்டு, கறுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி இணைத்து, ஓட்டையைத் தையலாலோ செயற்கை வலையாலோ அடைப்பார்கள். குடல் கெட்டிருந்தால் கிருமித் தொற்றுக்குப் பயந்து வலையைத் தவிர்ப்பது வழக்கம்.

பாட்டிக்கு ஒரு சாண் குடல் போனது, உயிர் தப்பியது. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னது: "நீ குடுத்த தைலம் நல்லாத்தான்யா இருந்துச்சு." இன்றைக்கும் மெலிந்த கிழவி தொடை வலி என்றால் நான் முதலில் கேட்பது காத்து போச்சா என்றுதான்.

## அறிகுறி: அடைப்பு உறுதி, ஆனால் தழும்பும் இல்லை, புடைப்பும் இல்லை

வயிறு திறக்கப்படாத ஆளுக்கும் ஒட்டுநார் இருக்கலாம், ஆனால் வேறு காரணமும் ஒளிந்திருக்கலாம். ஆகவே ஸ்கேன் எடுக்காமலே "மருந்து ஏற்றிப் பொறுத்துப் பார்ப்போம்" என்ற வழி இவருக்குப் பொருந்தாது. சி.டி. ஸ்கேன் வேண்டும், சீக்கிரமே வேண்டும். அனுப்பும் கடிதத்தில் "தழும்பு இல்லை" என்று எழுதி அடிக்கோடு போடுங்கள். அதற்குள் கீழே உள்ளவற்றை விசாரித்து வைத்தால், படம் பார்க்கும் டாக்டருக்கு வேலை சுலபம்.

பல் இல்லாதவரா? கடைசியாக என்ன சாப்பிட்டார்? நம் ஊர் சாலையோரக் கொய்யாவும் இதில் குற்றவாளி ஆகலாம். சரியாக மெல்லாமல் விழுங்கிய நார், விதை, தோல் எல்லாம் வயிற்றில் உருண்டு பந்தாகி, பிறகு சிறுகுடலின் குறுகலான இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும். சீனப் பெருநாள் சமயத்தில் காய வைத்து விற்கும் பிசாங் காக்கி (பெர்சிமன் பழம்) இதில் பெயர்போனது. அதன் துவர்ப்பு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பசை போல இறுகும். முன்பு இரைப்பை ஆப்பரேஷன் ஆனவர்களுக்கும், இனிப்பு நீரால் இரைப்பை மந்தமானவர்களுக்கும் ஆபத்து அதிகம். இரைப்பையில் இருக்கும்வரை கோலா பானம் குடித்து அந்தப் பந்தைக் கரைப்பது நிஜமான வைத்தியம்தான், ஆனால் குடலில் இறங்கி அடைத்த பிறகு அதைக் குடிப்பது வாந்தியைத்தான் கூட்டும். அறுவையில் பந்தைக் கையால் நசுக்கிப் பெருங்குடலுக்குள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் குடலைச் சின்னதாகக் கீறி எடுப்பார்கள். இரைப்பையில் இன்னொரு பந்து இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் மூடினால், மறுவாரம் அதே ஆள் அதே மேசைக்கு வருவார்.

வயதான பெண்மணி, பல வருடமாக வலது விலா அடியில் வலி, "கேஸ்" என்று மருந்து சாப்பிட்டவர்? பித்தப்பையில் கிடந்த கல், பையின் சுவரை அரித்துக்கொண்டு குடலுக்குள் விழுந்திருக்கலாம். அடைக்கும் அளவுக்கு என்றால் கல் பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். இதன் சுபாவம் விசித்திரம்: ஒருநாள் அடைக்கும், மறுநாள் உருண்டு நகர்ந்து விட்டுவிடும், "சரியாகிவிட்டது" என்று சோறு போடுவார்கள், மறுபடி அடைக்கும். கடைசியில் சிறுகுடல் முடியும் குறுகலில் நின்றுவிடும். ஊதிய குடல், குடலுக்குள் கல், பித்தக் குழாய்க்குள் காற்று, இந்த மூன்றும் படத்தில் சேர்ந்து தெரிந்தால் சந்தேகமே இல்லை.

அறுவையில் கல் நிற்கும் புண்ணான இடத்தில் வெட்ட மாட்டார்கள். கல்லைக் கொஞ்சம் பின்னுக்கு, நல்ல குடல் இருக்கும் இடத்துக்கு நகர்த்தி, அங்கே நீளவாக்கில் கீறி எடுத்து, குறுக்குவாக்கில் தைப்பார்கள். அப்போதுதான் தைத்த இடம் சுருங்காது. பித்தப்பையையும் அன்றே எடுப்பதா என்பது வாதத்துக்குரிய விஷயம். எனக்குத் தெரிந்தவரை, உடல்நிலை மோசமான வயதானவர்களுக்குக் கல்லை மட்டும் எடுத்துவிட்டு வெளியேறும் நிபுணர்களே அதிகம். அவர்கள் செய்வது சரி என்றே நினைக்கிறேன்.

இளவயதிலிருந்தே சாப்பிட்டபின் வலி, குப்புறப் படுத்தால் குறையும் என்கிறாரா? பிறவியிலேயே வயிற்றுக்குள் இருக்கும் ஒரு பைக்குள் குடல் நுழைந்து சிக்கியிருக்கலாம். இடது மேல்பக்கம் வருவதே அதிகம். ஸ்கேனில் குடல் சுருள்கள் மூட்டை கட்டினாற்போல ஒரே இடத்தில் குவிந்திருக்கும். சிக்கியதை வெளியே இழுத்து, வாசலைத் தைப்பார்கள். இடதுபக்கப் பையின் வாசலோரத்தில் ஒரு பெரிய ரத்தக் குழாய் ஓடும், அவசரப்பட்டுக் கீறினால் தொல்லை. எடை குறைக்க இரைப்பை ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், உடம்பு மெலிந்தபின் இதே மாதிரி உள்சிக்கல் வரும். தோலில் மூன்று நான்கு புள்ளித் தழும்புதான் இருக்கும் என்பதால் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வாரக்கணக்கில் வந்து போகும் முறுக்கு வலி, மலத்தில் ரத்தம்? தொலைநோக்கிக் குழாய் போலக் குடல் குடலுக்குள்ளேயே சொருகிக்கொள்வது. குழந்தைகளுக்கு இதைக் காற்று ஏற்றியே சரிசெய்வார்கள். பெரியவர்களுக்கு அந்த வழி இல்லை, ஏனென்றால் முனையில் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டி இருந்து இழுக்கிறது. பெருங்குடலில் என்றால் அது புற்றாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். அதனால் சொருகிய பகுதியை வெட்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவதே வழக்கம்.

எடை குறைவு, மாலைக் காய்ச்சல், வலது அடிவயிற்றில் கட்டி? காசநோய். இருமல் இல்லாமலும் வரும். நெருக்கமான அறையில் பலர் தங்கும் தொழிலாளிகளிடம் கட்டாயம் நினைக்க வேண்டும். அடைப்பு பாதிதான் என்றால் குறைந்தது ஆறு மாத மாத்திரையிலேயே பலருக்குத் திறந்துவிடும். முழுதாகச் சுருங்கிய இடத்தை மட்டும் வெட்டவோ விரித்துத் தைக்கவோ செய்வார்கள். வெளிநாட்டுத் தொழிலாளிகள் கட்டணத்துக்குப் பயந்து வலியை மறைப்பார்கள், அதைத் தோட்ட நிர்வாகத்திடம் முதல் நாளே பேசி முடிப்பது நம் வேலை.

இன்னும் இரண்டு கேள்வி. பெண்ணாக இருந்தால், வலி மாதவிலக்கோடு சேர்ந்து வருகிறதா? கருப்பைத் திசு குடலில் ஒட்டி வளர்ந்து அடைக்கக்கூடும். சிறுநீரக நோயாளியாக இருந்தால், வருடக்கணக்கில் வயிற்றுக்குள் தண்ணீர் விட்டு எடுக்கும் டயாலிசிஸ் செய்பவரா? அவருக்குக் குடல் முழுக்கத் தடித்த தோல் போர்த்தியதுபோல் ஆகிவிடலாம். அந்தத் தோலை உரித்தெடுப்பது மணிக்கணக்கான வேலை, அனுபவம் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

## அறிகுறி: வயிறு மத்தளம், வாந்தி இல்லை அல்லது கடைசியில்தான்

இது பெருங்குடல் பக்கம். மலச்சிக்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, மலம் மெலிந்து வந்து கடைசியில் நின்றால் முதலில் புற்றுநோயை நினையுங்கள். அது அரியது இல்லை, அதனால் இங்கே விரிக்கவில்லை.

ஒரே நாளில் ஊதினால், படுக்கையில் கிடப்பவரா, மனநல மருந்து நெடுநாள் சாப்பிடுபவரா என்று கேளுங்கள். நீண்டு தொங்கும் பெருங்குடலின் கடைசி வளையம் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் காப்பிக் கொட்டை போலத் தெரியும். குடல் கெடவில்லை என்றால் கீழ்வழியாகக் குழாய்க் கேமரா விட்டு முறுக்கை அவிழ்ப்பார்கள். காற்றும் மலமும் சீறிக்கொண்டு வரும், பக்கத்தில் நிற்பவர் பூட்ஸ் போட்டிருப்பது நல்லது. இத்தோடு முடிந்தது என்று வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். மறுபடி முறுக்குவது மிகச் சாதாரணம், உடல் தாங்கினால் மருத்துவமனையில் இருக்கும் அதே தடவையிலேயே அந்த வளையத்தை வெட்டுவது நல்லது. பெருங்குடலின் ஆரம்பப் பகுதி முறுக்கியிருந்தால் கேமராவை நம்பாமல் நேரே அறுவைதான்.

இடுப்பு எலும்பு உடைந்து கிடப்பவருக்கு வயிறு இப்படி ஊதி, ஸ்கேனில் அடைப்பே இல்லை என்றால், குடல் வேலைநிறுத்தம் செய்கிறது. பொட்டாசியம் குறைந்திருக்கிறதா, வலிக்கு அபின் வகை மருந்து போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அவற்றைச் சரிசெய்தும் இறங்காவிட்டால், இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி, குடலை அசைய வைக்கும் நியோஸ்டிக்மின் ஊசி போடுவார்கள். பெருங்குடலின் ஆரம்பப் பகுதி 12 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு.

## அறிகுறி: தழும்பு இருக்கிறது, காய்ச்சல் இல்லை, வலி விட்டுவிட்டு

இவருக்குத்தான் பொறுமை. மூக்குவழிக் குழாய், டிரிப், பட்டினி. தண்ணீரில் கரையும் சாய மருந்தைக் குழாய் வழியாகக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலை எட்டினால் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. 72 மணி நேரம் வரை பார்த்தும் அசையாவிட்டால் அறுவை பற்றிப் பேசுவார்கள். தழும்பு இருக்கிறது என்பதற்காக இடுப்பு மடிப்பைப் பார்க்காமல் விடக் கூடாது. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

## எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால்

ஊதிய குடலில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிறைந்திருந்தால் எக்ஸ்ரே சாதாரணமாகத் தெரியும். சிறுகுடல் 3, பெருங்குடல் 6, அதன் ஆரம்பப் பகுதி 9 சென்டிமீட்டர். இதற்கு மேல் போனால் விரிந்துவிட்டது என்பது மனப்பாடக் கணக்கு, ஆனால் அளவு சரி என்பதால் அடைப்பு இல்லை என்று ஆகாது. வாந்தி தொடர்கிறது, காற்று இன்னும் பிரியவில்லை என்றால் திரும்பிப் போய் அதை அப்படியே சொல்லுங்கள். சண்டை வேண்டாம். "நேற்று காலை ஆறு மணிக்கு மேல் காற்று பிரியவில்லை, நான்கு தடவை பச்சை வாந்தி" என்று எழுதிக் கொண்டுபோன காகிதம் நாம் போடும் கூச்சலைவிட வேகமாக வேலை செய்யும்.

## அறுவைக்குப் பிறகு

டாக்டர் "இரண்டு நாளில் மறுபடி திறந்து பார்ப்போம்" என்றால் பதறாதீர்கள். கறுத்த குடலை வெந்நீர்த் துணியால் போர்த்தி, நிறம் திரும்புகிறதா, அசைகிறதா என்று காத்திருந்தும் முடிவுக்கு வர முடியாதபோது, சந்தேகமான குடலை வெட்டித் தள்ளாமல் காப்பாற்ற அதுதான் வழி. வயிற்றில் மலம் சேரும் பை மாட்டியிருந்தாலும் பல பேருக்கு அது தற்காலிகம்தான், எப்போது மூடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வரும்போது என்ன அடைத்திருந்தது, எவ்வளவு குடல் போனது என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, ஒரு நகலை ஐசியோடு (அடையாள அட்டையோடு) சேர்த்து வையுங்கள். இப்போது தழும்பு வந்துவிட்டது. அடுத்த முறை வயிறு வலித்தால் எந்தக் கிளினிக்கிலும் முதலில் ஒட்டுநார் என்றுதான் சொல்வார்கள். எடுத்த பித்தக்கல் ஒன்றா இரண்டா, இடுப்பெலும்பு ஓட்டையை மறுபக்கமும் பார்த்தார்களா என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும்.